சால்மனும் டிரவுட்டும்: சிங்கப்பூர்வாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேக்கா சந்தையில் பக்கத்தில் நின்று மீன் வாங்குபவர்கள், பிடோக் ஜெட்டியில் தூண்டில் போடும் நண்பர்கள், ஹொக்கைடோ போய்வந்த சொந்தக்காரர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. சால்மன் நம் தீவில் பிறக்கும் மீன் இல்லை. ஆனாலும் நம் வீட்டுக் குழம்பில், பிள்ளைகளின் சுஷி தட்டில், உணவங்காடியின் மீன் சூப்பில் எல்லாம் அது இருக்கிறது. சாப்பிடுகிற மீனின் சொந்த ஆறு இன்று என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நமக்கும் கடமை உண்டு என்று நம்புகிறேன்.

கடையில் கிடைக்கும் சால்மன் ஆற்றில் பிறந்ததா, பண்ணையில் வளர்ந்ததா?

பேரங்காடியில் ஐஸ் மேல் பரப்பி வைத்திருக்கும் ஆரஞ்சு நிறச் சால்மன் ஏறத்தாழ எல்லாமே பண்ணை மீன்தான். நார்வே, ஸ்காட்லாந்து, சிலி, தாஸ்மேனியா போன்ற இடங்களில் கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளில் வளர்த்தது. சீட்டில் ‘அட்லாண்டிக் சால்மன்’ என்று இருந்தால் பண்ணை மீன் என்றே எடுத்துக்கொள்ளலாம். ‘ஓஷன் டிரவுட்’ என்று விற்பதும் அப்படியே. வானவில் டிரவுட்டைக் கடல் கூண்டில் விட்டு வளர்க்கிறார்கள்.

இயற்கை மீன் வேண்டுமென்றால் உறைய வைத்த மீன் பெட்டியிலும் டின் மீன் வரிசையிலும் தேடுங்கள். அலாஸ்காவில் பிடித்த சாக்கை, பிங்க் இனங்கள் அங்கேதான் இருக்கும். அலாஸ்காவில் மீன் பண்ணை வைப்பதை 1990-இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அதற்காக அலாஸ்கா மீன் எல்லாம் ஆற்றிலேயே பிறந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பிங்க், சம் இனங்களில் கணிசமானவை பொரிப்பகத்தில் பொரித்துக் கடலுக்கு விடப்பட்டவை. சாக்கை பெரும்பாலும் ஆற்று மீன்.

துண்டைப் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். பண்ணை மீனில் வெள்ளைக் கொழுப்புக் கோடுகள் தடிமனாக ஓடும். சாக்கையின் சதை நல்ல சிவப்பு, கோடு தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்.

டிரவுட்டும் சால்மனும் ஒரே மீனா?

ஒரே குடும்பம். ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட் அட்லாண்டிக் சால்மனுக்கு நெருங்கிய உறவு. வானவில் டிரவுட் பசிபிக் சால்மன்களோடு சேர்ந்தது. இந்த வானவில் டிரவுட்டிலேயே சில ஆற்றோடு இருந்துவிடும், சில கடலுக்குப் போய்ப் பெருத்துத் திரும்பும். கடலுக்குப் போய்வந்ததை ஸ்டீல்ஹெட் என்கிறார்கள். ஆற்றைக் காப்பாற்றும் விஷயத்தில் எல்லாவற்றுக்கும் தேவை ஒன்றுதான் என்பதால் இங்கே சேர்த்தே பேசுகிறேன்.

அப்படி என்ன தேவை?

குளிர்ந்த நீர், சுத்தமான கூழாங்கல், தடையில்லாத வழி. இந்த மூன்றும் ஏன் வேண்டும் என்பது சால்மன் முட்டையிடும் விதத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

பெண் மீன் ஆழம் குறைந்து, நீர் விரைந்து ஓடும் இடமாகப் பார்த்துப் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் தரையை ஓங்கி அடிக்கும். கல் கிளம்பும், மண்ணும் தூசியும் நீரோடு போய்விடும். அப்படி அடித்து அடித்து ஒரு குழி. ஆண் மீன் பக்கத்தில் வந்து நிற்க, பட்டாணி அளவு ஆரஞ்சு முட்டைகள் குழியில் விழும். பிறகு பெண் மீன் கொஞ்சம் மேலே நகர்ந்து மறுபடி வாலை அடிக்கும். இப்போது கிளம்பும் கற்கள் முந்தின குழியை மூடிவிடும். கல் இடுக்கு வழியாக ஓடும் நீர்தான் முட்டைக்கு மூச்சு. மேலே காடு வெட்டி, பாதை போட்டு, மண் கரைந்து வந்து அந்த இடுக்கு அடைபட்டால் முட்டைகள் அங்கேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். மேலிருந்து பார்ப்பவருக்கு ஆறு அழகாகத்தான் தெரியும்.

பொரித்த குஞ்சு கல்லுக்கடியில் தன் மஞ்சள்கருவைத் தின்று சில வாரம் கிடக்கும். பிறகு வெளியே வந்து, இனத்தைப் பொறுத்துச் சில வாரமோ சில ஆண்டோ ஆற்றில் இருந்து, உடம்பு வெள்ளியாக மாறிக் கடலுக்குப் போகும். கடலில் ஓரிரு ஆண்டு முதல் பல ஆண்டு வரை மேய்ந்துவிட்டு, பிறந்த ஆற்றின் வாசனையைப் பிடித்துக்கொண்டு அதே ஆற்றுக்கு வரும். ஊரில் புதுவெள்ளம் வந்ததும் கண்மாய்க் கலிங்கில் கெண்டையும் கெளுத்தியும் எதிர்த்து ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேகம் பழக்கமானதுதான். தூரம் மட்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்.

பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துவிடும். அந்த உடல்களைக் கரடி தின்கிறது, கழுகு தின்கிறது, மிச்சம் காட்டு மண்ணில் மக்குகிறது. கடலில் இருந்து வந்த நைட்ரஜனை ஆற்றோர மரங்களிலேயே ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். அட்லாண்டிக் சால்மன் எல்லாமே சாவதில்லை, சில மறுபடி கடலுக்குப் போய் இன்னொரு முறையும் வரும்.

நம் நீர்த்தேக்கத்தில் விட்டால் வளராதா?

வளராது. நம் நீர் ஆண்டு முழுக்க 28 டிகிரிக்கு முன்பின்னாக இருக்கிறது. 25 டிகிரியைத் தாண்டினாலே பெரும்பாலான டிரவுட்டுக்கு உயிருக்கு ஆபத்து. முட்டைக்கு அதைவிட வெகு குளிர்ச்சி வேண்டும்.

நமக்குக் கிட்டத்தில் இயற்கையாகச் சால்மன் இனம் இருக்கும் இடம் தைவான். பனியுகத்தில் மலைமேல் மாட்டிக்கொண்ட ஓர் இனம், கடலுக்கே போகாமல் 1,500 மீட்டருக்கு மேல் உள்ள ஓடைகளில் வாழ்கிறது. அந்நாட்டின் 2,000 டாலர் நோட்டில் அதன் படம் உண்டு. அதைப் பற்றிக் கீழே மறுபடி வருகிறேன்.

பண்ணை மீன் இவ்வளவு இருக்கும்போது இயற்கை மீன் குறைந்தால் என்ன?

கடை நிறைந்திருக்கிறது, ஆறு காலியாகிறது. இதுதான் இன்றைய நிலை. 2023 டிசம்பரில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் அட்லாண்டிக் சால்மனைக் கவலையில்லாத நிலையில் இருந்து அச்சுறுத்தலை நெருங்கிய நிலைக்கு மாற்றியது. 2006-க்கும் 2020-க்கும் இடையே உலக அளவில் 23 விழுக்காடு குறைந்திருந்தது. நார்வேக்கு 1980களில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சால்மன் திரும்பி வந்தது; இப்போது அதில் பாதிகூட இல்லை. அதே நார்வேயின் கூண்டுகளுக்குள்ளோ கோடிக்கணக்கில் நீந்துகின்றன. 2024 கோடையில் வரத்து மிக மோசமாக இருந்ததால் 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதைப் பருவத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இதில் பண்ணைகளின் பங்கு இரண்டு வகை. முதலாவது கடல் பேன். சால்மனின் தோலைத் தின்னும் சின்ன ஒட்டுண்ணி. இயற்கையில் குறைவாக இருக்கும். ஒரே இடத்தில் பல லட்சம் மீன் அடைந்து கிடந்தால் பெருகிவிடுகிறது. ஆற்றில் இருந்து அப்போதுதான் வெளியே வரும், விரல் நீளக் குஞ்சு அந்தக் கூண்டுகளைக் கடந்து போக வேண்டும். பெரிய மீன் தாங்கும், குஞ்சு தாங்காது. இதற்காக நார்வே 2017 முதல் தன் கடற்கரையை 13 பகுதிகளாகப் பிரித்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறிக்கிறது. பேன் அதிகமான சிவப்புப் பகுதியில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லலாம்.

இரண்டாவது, தப்பிப்போகும் மீன். பண்ணை மீன் பல தலைமுறையாகச் சீக்கிரம் பெருப்பதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த ஒன்று. அது கூண்டு கிழிந்து ஆற்றுக்குள் போய் ஆற்று மீனோடு கலந்தால், பிறக்கும் குஞ்சுக்கு அந்த ஆற்றில் பிழைக்கும் திறன் குறைகிறது. நார்வேயில் ஆராய்ந்த ஆறுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் இந்தக் கலப்பின் தடயம் இருக்கிறது. எனக்கு மிக அதிகம் கவலை தருவது இதுதான், ஏனென்றால் பேனுக்கு மருந்து உண்டு, கலந்துவிட்ட மரபைப் பிரித்தெடுக்க வழி கிடையாது.

கனடா தன் பசிபிக் கரையான பிரிட்டிஷ் கொலம்பியாவில் திறந்த வலைக்கூண்டுகளை 2029 நடுவில் முடிவுக்குக் கொண்டுவருவதாக 2024-இல் அறிவித்தது. தாஸ்மேனியாவின் மெக்வாரி துறைமுகத்தில் சிக்கல் வேறு: பண்ணைக் கழிவால் நீரில் ஆக்சிஜன் குறைந்து, அங்கே மட்டுமே மிஞ்சியிருக்கும் மாஜியன் திருக்கை அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது.

‘மீன்வள மேலாண்மை’ என்றால் நடைமுறையில் என்னதான் செய்கிறார்கள்?

எண்ணுகிறார்கள். மிகைப்படுத்தவில்லை, அடிப்படை வேலை அதுதான்.

அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் மிகப் பெரிய சாக்கை வரத்து அங்கேதான். தெளிந்த நீர் ஓடும் ஆறுகளில் இரு கரையிலும் சட்டம் அடித்துக் கோபுரம் கட்டியிருப்பார்கள். ஒருவர் மேலே ஏறி நின்று, கீழே மேல்நோக்கிப் போகும் மீனை ஒவ்வொரு மணி நேரத்திலும் 10 நிமிடம் எண்ணுவார். அப்புறம் அடுத்த கரை. இரவும் பகலும். அதை ஆறால் பெருக்கினால் அந்த மணி நேரக் கணக்கு வந்துவிடும். கலங்கிய ஆறுகளில் ஒலியலைக் கருவி வைத்து எண்ணுகிறார்கள்.

ஒவ்வோர் ஆற்றுக்கும் இத்தனை மீன் தப்பி மேலே போய் முட்டையிட வேண்டும் என்று ஓர் இலக்கு உண்டு. அது முதலில். மிச்சம்தான் வலைக்கு. இலக்குக்குத் தகுந்த வேகத்தில் மீன் ஏறாவிட்டால் அதிகாரி படகுகளை நிறுத்திவிடுவார். தாராளமாக ஏறினால் உடனே திறந்துவிடுவார். இந்த முடிவு பல சமயம் மணிக்கணக்கில் மாறும். படகு 32 அடிக்கு மேல் நீளக் கூடாது, உரிமங்களுக்கும் எண்ணிக்கை உண்டு. 1959-இல் மாநிலம் ஆனபோதே, மீனைத் தொடர்ந்து பெருகும் அளவில்தான் எடுக்க வேண்டும் என்று அலாஸ்கா தன் அரசமைப்பிலேயே எழுதிவைத்தது. அதன் பலன் 2022-இல் தெரிந்தது: ஏறத்தாழ 7.9 கோடி சாக்கை வந்தது, அதில் 6 கோடியைப் பிடித்த பிறகும் ஆறுகளுக்குத் தேவையானது போய்ச் சேர்ந்தது.

எண்ணுவது மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். அதே அலாஸ்காவின் யூகான் ஆற்றில் எண்ணிக்கொண்டேதான் இருந்தார்கள். சினூக் சால்மன் சரிந்துகொண்டே போயிற்று. கடல் சூடானது உட்படப் பல காரணங்கள். கடைசியில் 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் சேர்ந்து, ஒரு முழுத் தலைமுறைக் காலமான ஏழு ஆண்டுக்கு அங்கே சினூக் பிடிப்பதையே நிறுத்தின. அந்த ஆற்றோரப் பழங்குடியினருக்குச் சால்மன் என்பது குளிர்காலச் சாப்பாடு. கருவாடு போடும் கொட்டகை காலியாக நிற்கும் வீட்டில் இது வெறும் கொள்கை முடிவாகத் தெரியாது. அவர்களை முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும் என்பதும் மேலாண்மையின் ஒரு பாடம்தான்.

நாடு விட்டு நாடு போகும் மீனை யார் காவல் காப்பது?

வட அட்லாண்டிக்குக்கு எடின்பரோவில் ஓர் அமைப்பு இருக்கிறது. 1983-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி கரையில் இருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் சால்மன் பிடிப்பது பெரும்பாலும் தடை. வட பசிபிக்கின் நடுக்கடலிலும் 1993 முதல் ஓர் ஆணையத்தின் கீழ் தடை உண்டு. இதன் நியாயம் எளிது. நடுக்கடலில் எந்த ஆற்று மீன் எது என்று தெரியாமல் எல்லாம் கலந்து மேயும். அங்கே வலை போட்டால் செழித்த ஆற்று மீனும் வரும், நூறு மீனே மிஞ்சிய ஆற்று மீனும் வரும்.

குறைந்துபோனால் பொரிப்பகத்தில் பொரித்து விட்டுவிடலாமே?

எல்லாரும் கேட்பது இது. நல்ல எண்ணத்தில் பிறந்த கேள்வி. ஆனால் ஆற்று மீனுக்கு நல்லது என்று நினைத்துச் செய்த தீங்குகளில் இதுவே பெரியது என்பது என் கருத்து.

அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் பல்லாண்டுகளாக லாரி லாரியாக டிரவுட் கொண்டுவந்து ஆற்றில் கொட்டினார்கள். தூண்டில்காரர்களுக்குச் சந்தோஷம். டிக் வின்சென்ட் என்ற உயிரியலாளர் 1960களின் கடைசியில் மேடிசன் ஆற்றில் ஒரு சோதனை செய்தார். வழக்கமாக மீன் விடும் ஒரு பகுதியில் விடுவதை நிறுத்தினார். அதுவரை விடாத ஒரு கிளை ஓடையில் விட ஆரம்பித்தார். நிறுத்திய இடத்தில் ஆற்று டிரவுட் பெருகியது, விட்ட இடத்தில் குறைந்தது. தொட்டியில் வளர்ந்த மீன் இடத்துக்கும் இரைக்கும் சண்டை போட்டு ஆற்று மீனை விரட்டிவிட்டு, தானும் சீக்கிரம் செத்துப்போகிறது. மீன் விடுவதை நிறுத்தினால் ஆறு காலியாகிவிடும் என்று பெரிய எதிர்ப்பு. ஆனாலும் 1974-இல் மொண்டானா தன் ஆறுகளில் டிரவுட் விடுவதை நிறுத்தியது. இன்று உலகெங்கும் இருந்து ஆட்கள் அந்த ஆறுகளைத் தேடிப் போகிறார்கள்.

லண்டனின் தேம்ஸ் ஆறு இன்னோர் உதாரணம். 1830களில் சாக்கடையால் சால்மன் அற்றுப்போனது. 1979 முதல் குஞ்சு விட்டார்கள். பெரிய மீன்கள் வரவும் செய்தன, ஊரெல்லாம் மகிழ்ச்சி. பிறகு 2005 முதல் 2008 வரை பிடிபட்டவற்றின் மரபணுவைப் பார்த்தால், அவை விடப்பட்ட குஞ்சுகளின் வம்சமே இல்லை. பக்கத்து ஆறுகளில் இருந்து வழி மாறி வந்தவை. நீர் சுத்தமானதும் தாமாக வர ஆரம்பித்திருந்தன.

பொரிப்பகமே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்காவின் ஐடஹோவில் ரெட்ஃபிஷ் ஏரி என்று ஒன்று. கடலில் இருந்து 1,450 கிலோமீட்டர், எட்டு அணைகளைத் தாண்டி, 2,000 மீட்டர் உயரம் ஏறிச் சாக்கை அங்கே போக வேண்டும். 1992-இல் ஒரே ஓர் ஆண் மீன் போய்ச் சேர்ந்தது. 1991 முதல் 1998 வரை எல்லா ஆண்டும் சேர்த்து 16 மீன்தான். அவற்றை எடுத்துத் தொட்டியில் காப்பாற்றியிருக்காவிட்டால் அந்த வம்சமே இன்று இல்லை. கடைசி மீனைக் காப்பாற்றும் அவசர சிகிச்சையாகப் பொரிப்பகம் சரி. ஆற்றைக் கெடுத்துவிட்டு அதை ஈடுகட்டும் வழியாக அதை ஏற்க என்னால் முடியாது.

அணைகளில் மீன் ஏணி வைத்தால் போதாதா?

ஏணி ஏறும் பெரிய மீனுக்கு உதவும். கீழே இறங்கும் குஞ்சுக்கு அணைக்குப் பின்னால் ஓடாமல் தேங்கிய நீர், சுழலும் டர்பைன், காத்திருக்கும் பெரிய மீன்கள் என்று தடை மேல் தடை. கொலம்பியா ஆற்றில் ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் சால்மன் ஏறியதாகக் கணக்கு. அதன் மேல்பகுதியில் உள்ள கிராண்ட் கூலி அணையில் ஏணியே கட்டவில்லை. அதற்கு மேலே இருந்த ஆறு முழுவதும் சால்மனுக்கு அன்றோடு மூடிப்போனது.

அதனால்தான் அணையை எடுக்கும் செய்தி வந்தால் நான் விழுந்து விழுந்து படிப்பேன். ஓரிகன், கலிபோர்னியா மாநிலங்களில் ஓடும் கிளாமத் ஆற்றில் 2002-இல் நீர் குறைந்து சூடாகி, நோய் பரவிப் பல்லாயிரம் சால்மன் கரையெங்கும் செத்துக் கிடந்தன. அங்கிருந்த யூரோக், கருக் போன்ற பழங்குடியினர் அதன்பிறகு இருபது ஆண்டு விடாமல் போராடினார்கள். 2023, 2024 ஆண்டுகளில் நான்கு அணைகள் இடிக்கப்பட்டன. வேலை முடிந்த சில வாரத்தில், 2024 அக்டோபரிலேயே, நூறாண்டுக்கு மேல் சால்மன் பார்க்காத ஓரிகன் பகுதி ஓடையில் சினூக் நின்றது. யாரும் கொண்டுபோய் விடவில்லை.

தைவான் கதையும் இதுதான். சிஜியாவான் ஓடையின் மலைச் சால்மன் ஒரு கட்டத்தில் சில நூறாகச் சுருங்கியது. மேலே கோஸ் தோட்டமும் பழத்தோட்டமும், நடுவில் மண் தடுக்கும் குறுக்கணைகள். ஓடையோர நிலங்களை மீட்டு மரம் நட்டார்கள், குறுக்கணைகளை உடைத்தார்கள். பெரியதை 2011-இல் அகற்றினார்கள். தொட்டியில் வளர்த்த குஞ்சுகளும் துணைக்கு இருந்தன. இப்போது பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

நகரத்து மழைநீர் ஆற்று மீனைக் கொல்லுமா?

கொன்றிருக்கிறது. சியாட்டல் நகர ஓடைகளுக்கு முட்டையிட வரும் கோஹோ சால்மன்கள் மழை பெய்த சில மணி நேரத்தில் வாயைப் பிளந்து, வட்டமடித்துச் செத்தன. வயிற்றில் முட்டை அப்படியே இருக்கும். காரணம் பல ஆண்டு புரியவில்லை. 2020-இல் கண்டுபிடித்தார்கள்: டயர் ரப்பர் விரிசல் விடாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனம் காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து இன்னொன்றாக மாறுகிறது. தேய்ந்த டயர் தூளோடு அது சாலையில் கிடந்து, மழையில் ஓடைக்குப் போகிறது. கோஹோவுக்கு அது மிகச் சிறிய அளவிலேயே விஷம்.

அந்தத் தண்ணீரை மண்ணும் மணலும் நிறைந்த தோட்டப் படுகை வழியாக வடிய விட்டால் மீன் சாவதில்லை என்றும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் பொதுப் பயனீட்டுக் கழகம் அமைக்கும் மழைத் தோட்டங்களும் இதே வேலையைச் செய்பவை. பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் காங்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆறு 2012-இல் கல்லும் புல்லுமாகத் திறந்துவிடப்பட்டது. அந்தக் கரையில் பிள்ளைகளோடு நடக்கும்போது, நிழல் விழும் இடத்தில் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓர் ஆற்றின் கரையில் மரம் எதற்கு என்பது கையிலேயே தெரியும்.

நீலகிரியிலும் நுவரெலியாவிலும் டிரவுட் இருக்கிறதே, அதையும் காப்பாற்ற வேண்டுமா?

அவை வெள்ளைக்காரர்கள் தூண்டில் ஆசைக்குக் கொண்டுவந்தவை. ஊட்டிக்குப் பக்கத்தில் அவலாஞ்சியில் 1907-இலேயே பொரிப்பகம் அமைத்தார்கள். மூணாறு, ஹார்ட்டன் சமவெளி ஓடைகளிலும் விட்டார்கள். நூறு ஆண்டு ஆனதால் பலருக்கு அது மலையின் சொந்த மீன் போலவே ஆகிவிட்டது. ஆனால் உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் வானவில் டிரவுட், பழுப்பு டிரவுட் இரண்டும் உண்டு. காப்பாற்ற வேண்டியது அந்த ஓடைகளின் சொந்த மீனையும் தவளையையும்தான் என்று நான் நினைக்கிறேன். ஒரு மீன் தன் ஆற்றில் செல்வம், வேறோர் ஆற்றில் கேடு.

சால்மன் குடும்பத்துக்குள்ளேயே இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் ஏரியில் யாரோ கொண்டுவந்து விட்ட ஏரி டிரவுட் 1994-இல் தெரியவந்தது. அது அங்குள்ள கட்த்ரோட் டிரவுட்டைத் தின்றது. ஒரு கிளை ஓடையில் 1978-இல் முட்டையிட ஏறிய கட்த்ரோட் 70,000-க்கு மேல். 2007-இல் 500 சொச்சம். கட்த்ரோட் ஓடையில் ஏறும்போது கரடிக்கும் விராலடிப்பான் என்ற மீன்பிடிக் கழுகுக்கும் இரை கிடைத்தது. ஏரி டிரவுட் ஆழத்திலேயே கிடப்பதால் அவற்றுக்கு அதுவும் இல்லை. இதுவரை 40 லட்சத்துக்கு மேல் ஏரி டிரவுட்டை வலை போட்டு எடுத்திருக்கிறார்கள். கட்த்ரோட் மெல்ல மீள்கிறது, ஆனால் வலையை நிறுத்த முடியாது.

நம் நீர்த்தேக்கங்களில் மயில் பாஸும், அப்பர் சிலேத்தாரில் தென்னமெரிக்கத் திருக்கையும் இருப்பது இப்படி யாரோ விட்டதால்தான். விசாக தினத்தை ஒட்டித் தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறது: வளர்ப்பு மீனையும் ஆமையையும் விடாதீர்கள். சட்டப்படியும் குற்றம்.

சரி, சால்மன் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். பார்த்து வாங்குங்கள். இயற்கை மீன் என்றால் அலாஸ்கா சாக்கையோ பிங்க்கோ நல்ல தேர்வு. டின் மீன் விலையும் அதிகமில்லை, வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் புட்டு செய்தால் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். பொட்டலத்தில் எம்எஸ்சி நீல முத்திரை இருந்தால் பிடிக்கப்பட்ட மீன், அளவோடு எடுத்தது. அலாஸ்கா சால்மன் 2000-லேயே அதைப் பெற்றது. ஏஎஸ்சி பச்சை முத்திரை பண்ணை மீனுக்கு. அது எல்லாச் சிக்கலையும் தீர்க்கவில்லை, ஆனால் முத்திரை இல்லாததைவிட மேல். உலக இயற்கை நிதியத்தின் சிங்கப்பூர்க் கிளை கடல் உணவு வழிகாட்டி ஒன்றும் வைத்திருக்கிறது.

சால்மன் தலை மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். கன்னச் சதையும் கொழுப்பும் புளிக்குழம்புக்கு அருமையாக இருக்கும். வளர்த்த மீனின் தலையைக் குப்பையில் போடுவது எனக்குப் பொறுக்காது. கடைக்காரரிடம் எந்த நாட்டு மீன் என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த வாரம் அவரே எழுதி வைத்துவிடுவார்.

பச்சையாகச் சாப்பிடுவதென்றால், அதற்கென்றே விற்பதை மட்டும் வாங்குங்கள். இயற்கைச் சால்மனில் புழு இருக்க வாய்ப்பு அதிகம்.

விடுமுறையில் சால்மன் ஏறுவதை எங்கே பார்க்கலாம்?

சிங்கப்பூரில் இருந்து போக வசதி ஹொக்கைடோ. சப்போரோ விமான நிலையம் இருக்கும் சித்தோசே ஊரிலேயே, சித்தோசே ஆற்றுக்குள் கண்ணாடி வைத்துக் கட்டிய மீன் காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது தொட்டி கிடையாது, நிஜ ஆறு. செப்டம்பரில் இருந்து சம் சால்மன் வரும். சியாட்டல் போனால் பாலர்ட் மதகில் மீன் ஏணியையே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஜூலையில் சாக்கை, ஆகஸ்ட், செப்டம்பரில் சினூக்.

அங்கே தூண்டிலும் போடலாமா?

ஜப்பானில் ஆற்றில் ஏறிய சால்மனைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஆள் இல்லை என்று தூண்டிலை எடுத்துவிடாதீர்கள். நியூசிலாந்தில் உரிமம் வாங்கினால் டிரவுட் பிடிக்கலாம், டாவுப்போ ஏரிப் பகுதிக்கு மட்டும் தனி உரிமம். பிடித்த டிரவுட்டை விற்பதற்கு அங்கே தடை, அதனால் எந்த உணவகத்திலும் பட்டியலில் பார்க்க மாட்டீர்கள்.

பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுவதாக இருந்தால் தூண்டில் முள் நுனியின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். உலர்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும், அங்கே பூஞ்சை பிடிக்கும். படம் எடுக்க வேண்டுமானால் நண்பர் கேமராவோடு தயாரான பிறகு தூக்குங்கள், சில நொடிக்கு மேல் வேண்டாம். நீர் 20 டிகிரியைத் தொட்டுவிட்டால் அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிவிடுவது நல்லது. சூட்டு நீரில் களைத்த டிரவுட் நீந்திப் போவது போலத் தெரியும், ஆனால் பிழைப்பது சந்தேகம். மொண்டானாவில் கோடை கடுமையானால் பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை பிடிக்கவே கூடாது என்று ஆற்றை மூடிவிடுகிறார்கள்.

ஓர் ஆற்றில் நனைந்த காலணி, வலை, தூண்டில் பெட்டியை அப்படியே அடுத்த ஆற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். கழுவி, முழுக்க உலர்த்துங்கள். நியூசிலாந்தில் கம்பளி அடி வைத்த காலணிக்கே தடை, அதில் ஒட்டிக்கொண்டு டிடிமோ என்ற பாசி ஆறு விட்டு ஆறு பரவுகிறது என்பதால். ஊர் திரும்பி லோயர் சிலேத்தாரிலோ பிடோக் நீர்த்தேக்கத்திலோ அதே சாமான்களை எடுக்கும் முன்பும் இப்படியே செய்யுங்கள். நீர்த்தேக்கங்களில் குறித்த இடங்களில் மட்டும், செயற்கை இரையோடு மட்டும் பிடிக்க அனுமதி.